எல்லாம் பிள்ளையாருக்குக் கீழே

அத்தியாயம் 14

வாயைத் திறக்காமல் இருப்பதையும் ஒரு வேலை என்று எடுத்துக்கொண்டால், அதைவிடக் கடினமான வேலை எதையும் அனுப்ரியா இந்த வாரம் செய்யவில்லை.

அம்மா சாமுண்டீஸ்வரி போட்ட நிபந்தனை அது. மெல்பர்னில் ஒரு கண்காட்சி நிறுவனம் அனுவை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா ஞாயிறு முழுக்க யோசித்துவிட்டு, திங்கட்கிழமை காலை இட்லித் தட்டை மேசையில் வைத்தபடி சொன்னார்:

"உன் தலையில இருக்கிறதை எல்லாம் எடுத்துப் போர்டுல வச்சாச்சுன்னு உன் தம்பி சொல்றான்ல? பார்ப்போம். வியாழன் வரைக்கும் நீ கடைக்கு வா, உட்காரு, டீ குடி. ஆனா எது எங்க இருக்கு, யார் எப்ப வரணும், எதுவும் சொல்லாதே. அப்படியும் கடை ஓடுச்சுன்னா போயிட்டு வா. நானே சாங்கி ஏர்போர்ட்டுக்கு வந்து கையாட்டுறேன்."

இன்று வியாழக்கிழமை.

சிங்கப்பூர் டன்லப் ஸ்ட்ரீட்டில் உள்ள 'சாமுண்டி மணவறை' என்ற கல்யாண அலங்காரக் கடையை வாசகர்கள் நன்றாக அறிவார்கள். கீழே கடை, மேலே அலுவலகம். அப்பா காலமான பிறகு அம்மா முதலாளி. ஆனால் எந்தக் கல்யாணத்துக்கு எந்தத் தூண், எந்தத் துணி, எந்த லாரி என்பதெல்லாம் அனுவின் தலைக்குள் இருக்கிறது. தம்பி ரமணனுக்குப் புதுக் கருவி எதைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். போன வாரம் அவன், கடையின் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளோடு ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்ப்பதற்காக 'இணை' என்ற பொத்தானின் மேல் விரலை வைத்திருந்தான். நாம் அங்கேதான் அவனை விட்டுவிட்டு வந்தோம்.

அழுத்திவிட்டான். அதைச் சொல்லத் தேவையே இல்லை.

* * *

பிடோக்கிலிருந்து வந்த ரயிலைவிட்டு பூகிஸில் இறங்கி, அடுத்த ரயிலுக்குப் படியிறங்கிக்கொண்டிருந்தாள் அனு. கைப்பை அதிர்ந்தது. லாரி ஓட்டும் அப்துல் முத்தலிப்.

எடுக்கவில்லை. நிபந்தனை.

மறுபடி முத்தலிப். மறுபடியும் முத்தலிப். அதற்கு நடுவே பூ கொண்டுவரும் ஏஜெண்ட். மெசேஜ் பெட்டியைத் திறந்து பார்க்கவும் அவளுக்குப் பயமாக இருந்தது. திறந்தால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

பிறகு ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். செல்லக்கண்ணு. வாடிக்கையாளர்களுக்கும் பதில் சொல்லக்கூடாது என்று அம்மா சொல்லவில்லையே என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு எடுத்தாள்.

"அனுப்ரியா, ஒரு சின்ன சந்தேகம்மா." அவர் குரல் மிகப் பணிவாக இருந்தது. அதுவே ஆபத்தான அறிகுறி. "என் பொண்ணு அமலாவுக்கு நாளைக்குக் கல்யாணமாமே?"

"என்ன அங்கிள்?"

"நீங்கதான் மெசேஜ் போட்டிருக்கீங்க. 'நாளை உங்கள் இல்லத் திருமணம். எங்கள் குழு தயார். வாழ்த்துகள்.' பூப்படம் வேற. நான் பொண்ணோட அப்பா லா. எனக்கு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"அங்கிள், அது தப்பா வந்திருக்கு. உங்க தேதி..."

"மாப்பிள்ளை இன்னும் ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல இருக்காரு. அவரு இல்லாமலே நடத்திடுவீங்களா? என் சம்சாரம் மெசேஜைப் பார்த்துட்டு, தேதி மாறிடுச்சு போலன்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஃபோன் போட்டுருச்சு. ஈப்போவுலேருந்து என் மச்சான் பஸ் ஏறிட்டான். அவனை யார் இறக்குறது?"

"அடுத்த மாசம்தான் அங்கிள் உங்களுக்கு. ஒண்ணும் மாறல. மச்சானை நான் இறக்குறேன்."

"உங்க அம்மா ஒயிட்போர்டு வச்சிருந்த காலத்துல இப்படி நடந்ததே இல்ல" என்றார் செல்லக்கண்ணு. வைத்துவிட்டார்.

ஆக, வாயைத் திறந்தாகிவிட்டது. அனு அடுத்த ரயிலில் ஏறிக் கதவோரம் நின்றுகொண்டு முத்தலிப்பை அழைத்தாள்.

"தங்கச்சி, எங்க இருக்கே நீ? நான் புக்கிட் மேரா மண்டபத்துல நிக்கிறேன். லாரியில மூணு மணவறை இருக்கு."

"மூணா? நாளைக்கு அங்க ஒரு ரிசப்ஷன்தானே அண்ணே?"

"எனக்கென்ன தெரியும்? காலையில மெசேஜ் மேல மெசேஜ். தூண் ஏத்து, தூண் ஏத்து, யானை ஏத்து, மறுபடி தூண் ஏத்து. ஏத்திட்டேன். ஏத்தினது பாதிதான். மீதிக்கு லாரியில இடம் இல்ல. இங்க வந்தா செக்யூரிட்டி கதவைத் திறக்க மாட்டேங்கிறான். உள்ள பேட்மிண்டன் நடக்குது. யானையைக் காட்டினேன், அப்பவும் நம்பல."

யானை என்பது மணவறைக்கு இருபுறமும் நிற்கும் ஃபைபர் யானை. வாடிக்கையாளர்கள் தட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்துபோவார்கள்.

"அப்படியே நில்லுங்க அண்ணே. எதையும் இறக்காதீங்க."

"இறக்க எங்க விட்டான்?"

* * *

கடைக்குள் நுழைந்தபோது மேல்மாடியிலிருந்து அம்மாவின் குரல் தெருவரை கேட்டது.

"பிள்ளையாரை டூப்ளிகேட்னு சொல்லுச்சா அது?"

"அம்மா, அது அப்படிச் சொல்லல..."

"நீதானேடா இப்ப சொன்னே!"

மேலே ரமணன் மடிக்கணினியின் முன் வியர்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி வைஷாலி காதில் ஒரு ஃபோன், கையில் ஒரு ஃபோன் என்று சன்னலோரம் நின்றிருந்தாள். ஒன்றில் பூ ஏஜெண்ட், ஒன்றில் நாதஸ்வரக்காரர். "இல்லைங்க, இன்னைக்கு வேண்டாங்க. அந்தப் பூப்பெட்டியெல்லாம் ஆர்டர் போடாதீங்க. ஆமாங்க, மெசேஜ் எங்ககிட்டேருந்துதான் வந்துச்சு, ஆனா நாங்க அனுப்பலைங்க" என்று அவள் கோயம்புத்தூர்க் குரலில் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரமணனைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் வந்து மூன்று வருடம். அன்றிலிருந்து கடையின் முன்மேசை அவளுடையது.

"என்னடா பண்ணினே?" என்றாள் அனு.

"நான் ஒண்ணும் பண்ணல அக்கா. போர்டைச் சுத்தம் பண்ணச் சொன்னேன். அது பண்ணுச்சு."

இங்கே கொஞ்சம் நின்று, நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். பார்த்தால் யார் மேல் கோபப்படுவது என்று நமக்கே குழப்பம் வரும். அதுதான் இதில் உள்ள அழகு.

முன்பு மேல்மாடிச் சுவரில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை இருந்தது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு பத்தி. பத்தியின் உச்சியில் அம்மா ஒரு பிள்ளையார் சுழி போடுவார். அதற்குக் கீழே வேலைகள். இரண்டு வருடத்துக்கு முன் அது மென்பொருளுக்கு மாறியது. அதில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. எல்லாம் நன்றாக இருந்தது, சுழி போடத்தான் இடமில்லை. "அப்ப எனக்கு இது வேண்டாம்" என்றார் அம்மா.

அனு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு கல்யாணத்திலும் முதல் அட்டைக்கு 'பிள்ளையார்' என்று பெயர். மற்ற எல்லா அட்டைகளும் அந்த அட்டைக்குள் உள்வேலைகளாக அடங்கும். தூணும் பிள்ளையாருக்குக் கீழே, லாரியும் பிள்ளையாருக்குக் கீழே, வாடிக்கையாளருக்குப் போகும் வாழ்த்து மெசேஜும் பிள்ளையாருக்குக் கீழே. அந்த அட்டைக்குப் பொறுப்பாளர் கிடையாது, கெடு கிடையாது, முடிந்ததாக யாரும் டிக் போடவும் மாட்டார்கள். பிள்ளையாரை எப்படி 'முடிந்தது' என்று சொல்வது?

இப்போது உதவியாளரின் கதைக்கு வருவோம். பலர் நினைப்பதுபோல அது பலகைக்குள் குடியேறி உட்கார்ந்துகொள்வதில்லை. வெளியேதான் இருக்கிறது. மென்பொருள் அதற்கு ஒரு சன்னலைத் திறந்து, என்னென்ன கேட்கலாம் என்று சொல்கிறது: அட்டையைப் படிக்கலாம், புதிதாகப் போடலாம், தேதியை மாற்றலாம், இரண்டு அட்டைகளை ஒன்றாக்கலாம், நீக்கலாம். நாம் சாதாரணத் தமிழில் ஒன்றைச் சொன்னால், உதவியாளர் அதைப் புரிந்துகொண்டு, இதில் எதை எந்த வரிசையில் கேட்பது என்று யோசித்து, சன்னலில் போய்க் கேட்கிறது. எதையெல்லாம் கேட்க அதற்கு உரிமை உண்டு என்பது, இணைக்கும்போது நாம் போடும் டிக்கைப் பொறுத்தது.

"எதுக்கெல்லாம் டிக் போட்டே?" என்றாள் அனு.

"எல்லாத்துக்கும் சேர்த்து மேல ஒரே டிக் இருந்துச்சு..."

"போட்டுட்டே."

"ஒவ்வொண்ணா போட யாருக்கு அக்கா பொறுமை இருக்கு?"

நேற்று மாலை அவன் அதனிடம் சொன்னது இதுதான்: 'பலகையைச் சுத்தம் செய். ஒரே அட்டை பல இடத்தில் இருந்தால் ஒன்றாக்கு.' அது தேடியது. ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரே பெயரில், ஆள் இல்லாமல், தேதி இல்லாமல், விளக்கம் இல்லாமல், மாதக்கணக்கில் யாரும் தொடாமல் ஓர் அட்டை கிடப்பதைக் கண்டது. இதைவிட அப்பட்டமான நகலை அது பார்த்திருக்காது. எல்லாப் பிள்ளையார்களையும் ஒரே பிள்ளையாராக்கி, மிக அருகில் இருந்த கல்யாணத்தில் வைத்தது. அது நாளை புக்கிட் மேராவில் நடக்கும் ரிசப்ஷன்.

பிள்ளையார் போனால் அவருக்குக் கீழே இருப்பவையும் கூடவே போகும் அல்லவா? எல்லாக் கல்யாணங்களின் எல்லா வேலைகளும் அங்கே போய் இறங்கின. 'விழாவுக்கு முந்தின நாள் தூண் ஏற்று' என்று இருந்த அட்டைகள் எல்லாம், நாளைய விழாவைப் பார்த்து, இன்றைக்கு என்று ஆகிவிட்டன. தினமும் காலை ஏழு மணிக்கு அன்றைய வேலைகளை உரியவர்களுக்கு அனுப்புவது மென்பொருளின் பழைய வழக்கம். அதுவும் தன் கடமையைத் தவறாமல் செய்தது.

அவரவர் வேலையை அவரவர் சரியாகச் செய்திருக்கிறார்கள். விளைவு, பேட்மிண்டன் மைதானத்துக்கு வெளியே ஒரு யானை.

"வேற வேற கோயில்ல பிள்ளையார் இருக்காருன்னா, எல்லாரையும் தூக்கிட்டுப் போய் ஒரே கோயில்லயா வைப்பாங்க?" என்றார் அம்மா.

"அது கோயிலுக்குப் போனதில்ல அம்மா!"

"நீ போயிருக்கேல்ல?"

ரமணன் வாயை மூடிக்கொண்டான். பிறகு வழக்கம்போலத் திறந்தான். "ஒரு கார்டுல பொறுப்பாளர்னு யார் பேராவது போட்டிருந்தா அது தொட்டிருக்காது. நீங்க பேரே போடல."

"பிள்ளையாருக்கு யாருடா பொறுப்பு? அவர்தான் நமக்குப் பொறுப்பு."

வைஷாலி ஒரு ஃபோனை வைத்துவிட்டு, "எல்லாருக்கும் மெசேஜ் வந்திருக்கு" என்றாள். "உங்களுக்கு, அண்ணிக்கு, அத்தைக்கு, லாரிக்கு, பூவுக்கு. எனக்கு மட்டும் ஒண்ணுமே வரல." அடுத்த ஃபோன் அடித்தது, அவளே எடுத்தாள்.

ரமணன் மடிக்கணினியை இழுத்தான். "சரி, பிரிச்சு வைன்னு அதுகிட்டயே சொல்லிடுறேன்."

"கை வைக்காதே!"

அனு கத்திய கத்தலில் கீழே கடையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். எரிகிற வீட்டில் விளக்கேற்றிப் பார்க்கும் ஆளாக இவன் ஏன் பிறந்தான் என்று அவளுக்குத் தோன்றியது. முதலில் இணைப்பைத் துண்டித்தாள். பிறகு தானாகப் போகும் மெசேஜ்களை நிறுத்தினாள். இந்த இரண்டையும் செய்யாமல் மூன்றாவதை யோசிப்பதே தவறு.

மூன்றாவதுதான் கடினம். திரையில் எல்லாக் கல்யாண வேலைகளும் ஒரே வரிசையில் கிடந்தன. 'தூண் நான்கு.' 'தூண் ஆறு.' 'வெள்ளைத் துணி.' 'தூண் நான்கு.' எது யாருடையது என்று அட்டையில் எழுதியிருக்கவில்லை. அது இருந்த பக்கமே அதன் முகவரியாக இருந்ததால், யாரும் எழுதவேண்டிய அவசியமே வரவில்லை.

அனுவின் கண் வரிசையில் ஓடியது. அவள் அறியாமலே வாய் பேச ஆரம்பித்தது. "இந்த நாலு தூண் ஜூரோங் கல்யாணம். அந்த வெள்ளைத் துணி செல்லக்கண்ணு அங்கிளோடது, அவங்க மட்டும்தான் ஜரிகை வேண்டாம்னாங்க. இந்த ஆறு தூண்..."

பேச்சு நின்றது.

அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் வெற்றி இருந்தது. அதைவிட மோசமாக, நிம்மதியும் இருந்தது.

"சொல்லு, சொல்லு" என்றார். "நிறுத்திட்டியே?"

அனுவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தான் இப்போது உட்கார்ந்து இதையெல்லாம் பிரித்து வைத்தால் கடை பிழைக்கும், மெல்பர்ன் போய்விடும். எவ்வளவு நன்றாகச் சரிசெய்கிறாளோ, அவ்வளவு உறுதியாக இந்த மாடியிலேயே உட்கார்ந்துவிடுவாள். சரிசெய்யாமல் விட்டால் நாளைய ரிசப்ஷனில் மாப்பிள்ளை வெறும் சுவருக்கு முன்னால் நிற்பார்.

"நாளைக்கு ஒண்ணை மட்டும் பிரிச்சுத் தரேன்" என்றாள். "முத்தலிப் அண்ணன் பாவம். மீதியை நான் தொட மாட்டேன்."

"அப்ப மீதியை யார் பண்றது?" என்றார் அம்மா. கேள்வி அனுவிடம் கேட்டது போலவும் இருந்தது, கூரையிடம் கேட்டது போலவும் இருந்தது.

வைஷாலிதான் பேசினாள். "ஒவ்வொரு கார்டுலயும் பழைய நடமாட்டம் இருக்குமில்லைங்களா? நேத்து எங்க இருந்துச்சு, எங்க போச்சுன்னு?"

"இருக்கு" என்றான் ரமணன். "ஆனா ஒவ்வொண்ணா திறந்து பார்த்தா தீபாவளி வந்துடும்."

"நாம திறக்க வேண்டாம். அதைத் திறக்கச் சொல்லலாம். ஆனா படிக்க மட்டும்தான் விடணும். எதையும் தானா மாத்தக் கூடாது. எந்தக் கார்டு எங்க போகணும்னு அது நம்மகிட்டச் சொல்லட்டும். நாம சரின்னா மட்டும் மாத்தட்டும்."

"மறுபடியும் அதையா?" அம்மா எழுந்தே விட்டார்.

"அத்தை, புதுசா வேலைக்கு வர்ற ஆளுக்கு முதல் நாளே சாவிக்கொத்தைக் கொடுப்போமா? மூணு வருஷமாச்சு, எனக்கே இன்னும் ஸ்டோர் சாவி கொடுக்கல நீங்க. அதுக்கு மட்டும் இவரு எல்லாச் சாவியும் கொடுத்துட்டாரு."

ரமணன் இருமினான். அனு திரும்பி வைஷாலியைப் பார்த்தாள். அவள் மறுபடி ஃபோனில் யாருக்கோ "இல்லைங்க" சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. இணைக்கும் பக்கத்தில் ஒவ்வோர் உரிமைக்கும் பக்கத்தில் மூன்று வழிகள் இருந்தன: தாராளமாகச் செய், கேட்டுவிட்டுச் செய், செய்யாதே. ரமணன் அந்தப் பக்கத்தை இதற்கு முன் பார்த்ததே இல்லை. இந்த முறை வைஷாலி அவன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னாள்.

"படிக்கிறது?"

"தாராளமா."

"மாத்துறது?"

"கேட்டுட்டு."

"ஒண்ணாக்குறது?"

"செய்யாதே!" என்றார்கள் மூன்று பெண்களும் ஒரே குரலில்.

"கேட்டுட்டுன்னா, யாரைக் கேட்கணும்? ஒரு பேர் போடணும்" என்றான் ரமணன்.

அம்மா யோசிக்கவே இல்லை. "அனுவை."

அனு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அம்மா, நான் போறதுக்குத்தானே இவ்வளவும்?"

"நீ இன்னும் போகலையே" என்றார் அம்மா.

* * *

மதியச் சாப்பாடு, இங்கே பிரட்டா என்று சொல்லும் பரோட்டாவோடு முடிந்தது. அதையும் யாரும் சூடாகச் சாப்பிடவில்லை. உதவியாளர் ஒவ்வோர் அட்டையின் பழைய நடமாட்டத்தையும் படித்து, ஒரு கல்யாணம் ஒரு கல்யாணமாகத் திருப்பி வைக்க யோசனை சொன்னது. ஒவ்வொன்றுக்கும் அனுவின் ஃபோன் மணியடித்தது: 'ஒப்புதல் தேவை.' வைஷாலி சரிபார்த்துத் தலையாட்டினாள், அனு பொத்தானை அழுத்தினாள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அது தடுமாறியது. ஓர் அட்டை இரண்டு கல்யாணங்களுக்கு நடுவே அலைந்திருந்தது. தெரியவில்லை, நீங்களே சொல்லுங்கள் என்று எழுதியது.

"பரவாயில்லை, தெரியலன்னு சொல்லுதே" என்றார் அம்மா. ரமணனை ஒரு பார்வை பார்த்தார்.

முத்தலிப் அழைத்தார். பேட்மிண்டன் முடிந்துவிட்டதாம். செக்யூரிட்டி யானையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டாராம். ஈப்போ மச்சானிடம் வைஷாலியே பேசிவிட்டாள். பஸ்ஸைவிட்டு இறங்க மாட்டேன், வந்ததற்கு முஸ்தபா கடையில் சாமான் வாங்கிக்கொண்டு போகிறேன் என்றாராம்.

நான்கு மணிவாக்கில் பலகை பழையபடி நின்றது. எல்லாக் கல்யாணத்திலும் அவரவர் பிள்ளையார். பொறுப்பாளர் இடம் மட்டும் இன்னும் காலியாகவே இருந்தது. அம்மா அதைப் பற்றிப் பேசவே விடவில்லை. கையில் டேப்லட்டை எடுத்துக்கொண்டு, ஸ்டோர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நிபந்தனையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அனு வாயைத் திறந்தாள். நாள் முழுக்கத் திறந்திருந்தாள்.

அவள் கீழே இறங்கி, கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில், உறையில் சுற்றிய தூண்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர்க்கடையிலிருந்து வந்த தே ஹாலியா என்ற இஞ்சி டீ ஆறிக்கொண்டிருந்தது. ஃபோனில் மெல்பர்னுக்குக் கடிதம் எழுதினாள். உங்கள் அழைப்புக்கு நன்றி. குடும்பச் சூழ்நிலை காரணமாக. மன்னிக்கவும். ஒரு கல்யாணத்தையே நின்ற இடத்தில் எழுப்புகிறவளுக்கு இந்த மூன்று வரி எழுத அவ்வளவு நேரமாகிவிட்டது. 'அனுப்பு' என்ற இடத்துக்கு விரலைக் கொண்டுபோனாள்.

ஃபோன் மணியடித்தது.

'ஒப்புதல் தேவை.'

சலித்துக்கொண்டே திறந்தாள். இன்னும் எந்த அட்டை மிச்சம்?

'கேட்டவர்: சாமுண்டீஸ்வரி.

செய்யவேண்டியது: அனுப்ரியா பெயரில் உள்ள எல்லா வேலைகளையும் சாமுண்டீஸ்வரி பெயருக்கு மாற்றுவது. இனிமேல் ஒப்புதல் தருபவராகவும் சாமுண்டீஸ்வரியை வைப்பது. பிள்ளையார் அட்டைகள் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளராக அனுப்ரியாவைப் போடுவது.

கேட்டவர் எழுதிய குறிப்பு: அவரை மட்டும் அங்கேருந்தே பார்த்துக்கட்டும்.'

அனு நிமிர்ந்து மேல்மாடியைப் பார்த்தாள். ஸ்டோர் அறைச் சன்னல் மூடியிருந்தது. அந்தப் பிடிவாதக்காரி உள்ளே டேப்லட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியிருப்பாள். நேருக்கு நேர் சொல்ல அவளுக்கு வாய் வராது. பிள்ளையாரை டூப்ளிகேட் என்றதற்காகக் காலையில் திட்டிய அந்தப் புது ஆளைத்தான் தூது அனுப்பியிருக்கிறாள்.

கீழே இரண்டு பொத்தான்கள். அனுமதி. மறுப்பு.

கண் மங்கியது. துடைத்துக்கொண்டு அனுமதியை அழுத்தினாள்.

ஒரு சின்ன வட்டம் சுற்றியது. பிறகு எழுத்து வந்தது:

'முடிந்தது. இப்போது உங்கள் பெயரில் பிள்ளையார் மட்டுமே இருக்கிறார்.'

அனு சத்தமாகச் சிரித்துவிட்டாள். மெல்பர்ன் கடிதத்துக்குத் திரும்பி, 'மன்னிக்கவும்' என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

"அண்ணி."

பின்னால் வைஷாலி நின்றிருந்தாள். கையில் அவளுடைய ஃபோன். நாள் முழுக்கப் பேசியதில் அதன் உறை கழன்று தொங்கியது. எவ்வளவு நேரமாக நின்றாள், தோளுக்கு மேலாக எதையெல்லாம் படித்தாள் என்று தெரியவில்லை. குரலில் கோபம் இல்லை. அதுதான் அனுவுக்குச் சுருக்கென்றது.

"உங்க பேர்ல இருந்ததெல்லாம் அத்தை பேருக்குப் போயிடுச்சுங்களா?"

"ஆமா வைஷாலி."

"எல்லாமே?"

"பிள்ளையாரைத் தவிர."

வைஷாலி மெல்லத் தலையாட்டினாள். தெருவைப் பார்த்தாள். முத்தலிப்பின் லாரி திரும்பி வந்துகொண்டிருந்தது. யானையின் தும்பிக்கை தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப என் பேர்ல என்ன இருக்குங்க, அண்ணி?"